தைமஸ் சுரப்பிக்கு மீண்டும் உயிரூட்ட முடியுமா? முதுமையில் நோயெதிர்ப்பு குறித்த ஒரு விளக்கம்

2025 டிசம்பரில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, வயது முதிர்ந்த எலிகளில், நோயெதிர்ப்பு அணுக்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கிப்போய்ச் செய்யத் தவறிய வேலையின் ஒரு பகுதியைக் கல்லீரலிடம் சில வாரங்களுக்கு ஒப்படைக்க முடிந்ததாகத் தெரிவித்தது. அச்செய்தி கைப்பேசி வழியாகக் குடும்பக் குழுக்களை வந்தடைவதற்குள், முதியோரின் நோயெதிர்ப்பாற்றலை இளமைக்குத் திருப்பும் ஊசி வந்துவிட்டது என்ற அளவுக்கு ஊதிப் பெருத்துவிட்டது. 2030ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்னும்போது இத்தகைய செய்தி ஆர்வத்தைத் தூண்டுவது இயல்பே. ஆனால் தைமஸ் என்ன செய்கிறது, ஏன் சுருங்குகிறது என்பது தெரியாமல் இச்செய்தியை எடைபோட இயலாது. குறிப்பாக, மூன்று வெவ்வேறு நிலைகள் இங்கே ஒன்றாகப் பிசையப்படுகின்றன. சுரப்பி உருவத்தில் வளர்வது ஒன்று. அதிலிருந்து புதிய அணுக்கள் வெளிவருவது இன்னொன்று. அதனால் மனிதர்கள் நோயில் விழுவது குறைவது மூன்றாவது. முதலாவது நடந்துவிட்டால் மூன்றாவதும் தானாக நடந்துவிடும் என்று கொள்வதற்கில்லை.

மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு பாய்

பச்சிளங் குழந்தையின் மார்பு எக்ஸ்ரே படத்தில், இதயத்தின் நிழலுக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக விரித்த படகுப்பாய் போன்ற முக்கோண வெண்ணிழல் தெரிவதுண்டு. முதன்முறை பார்ப்பவர் அதைக் கட்டி என்றோ நிமோனியா என்றோ எண்ணிவிடக்கூடும். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தின் மேற்புறத்தில் இரண்டு மடல்களாகப் படிந்திருக்கும் தைமஸ்தான் அது. அதே இடத்தை 60 வயதானவரின் சிடி ஸ்கேனில் தேடினால், பெரும்பாலும் கொழுப்பின் கருஞ்சாம்பல் நிறமே தென்படும். 50 முதல் 64 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் நாட்டினரின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், பாதிக்கும் மேற்பட்டோரின் தைமஸ் முழுமையாகக் கொழுப்பாகியிருந்தது.

இவ்வுறுப்பின் பணி மருத்துவத்துக்குத் தெரியவந்தது மிகவும் தாமதமாகத்தான். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ‘பெருத்த’ தைமஸ் மூச்சுக்குழாயை அழுத்திக் குழந்தைகளைக் கொல்கிறது என்ற தவறான நம்பிக்கையில், நலமாயிருந்த குழந்தைகளின் மார்பிலும் கதிர்வீச்சு பாய்ச்சப்பட்டது. அவர்களுள் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டுப் புற்றுநோய் வந்தது. 1961இல் லண்டனில் பணியாற்றிய ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் மெலிந்து, தொற்றுகளுக்கு எளிதில் பலியாவதையும், வேறு எலிகளின் தோலை ஒட்டினால் அதை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்வதையும் காட்டினார். அதன் பிறகே இது வெறும் எச்ச உறுப்பு அன்று என்பது நிலைபெற்றது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான ‘டி அணுக்கள்’ என்ற பெயரிலுள்ள ‘டி’, ஆங்கிலத்தில் தைமஸ் என்ற சொல்லின் முதல் எழுத்துதான்.

‘சுரப்பி’ என்று நாம் வழங்கும் பெயர் சற்றுத் திசைதிருப்பக்கூடியது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தைமஸ் சில இயக்குநீர்களைச் சுரப்பது உண்மையே. ஆயினும் அதன் தலையாய விளைபொருள் நீர்மம் அன்று, பயிற்சி பெற்ற உயிரணுக்கள். இந்த வேறுபாடு பின்னால் மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

தெக்கோங் முகாமுக்கு ஒப்பான ஒன்று

சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு அழைக்கப்படும் இளையர்கள் புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படைப் படைப்பயிற்சி முடித்த பிறகே படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் முன்னோடி அணுக்களுக்குத் தைமஸ் அத்தகைய தீவு. வேறுபாடு தேர்ச்சி விகிதத்தில்தான் இருக்கிறது: தைமஸுக்குள் நுழைந்து வளரும் அணுக்களில் நூற்றுக்குச் சில மட்டுமே உயிரோடு வெளியேறுகின்றன. பயிற்சி மூன்று கட்டங்களில் நடக்கிறது.

1. ஒவ்வோர் அணுவும் தன் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக் கலைப்பதுபோல் கலைத்து அடுக்கி, அயற்பொருளை அடையாளம் காணும் ஏற்பி ஒன்றைத் தனக்கென உருவாக்கிக்கொள்கிறது. இன்ன கிருமியைப் பிடிக்க வேண்டும் என்ற முன்திட்டம் எதுவும் இதில் இல்லை. உலகில் இன்னும் தோன்றாத கிருமிக்கும் பொருந்தக்கூடிய ஏற்பி எங்கோ ஓர் அணுவிடம் இருக்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் பலம்.

2. தைமஸின் வெளிப்பகுதியான புறணியில், அந்த ஏற்பி உடலின் சொந்த ‘அடையாள அட்டை’ மூலக்கூறுகளை ஓரளவேனும் உணர்கிறதா என்று சோதிக்கப்படுகிறது. அறவே உணராதவை அங்கேயே மடிகின்றன.

3. உட்பகுதியான அகணியில் நடக்கும் சோதனைதான் மிக நுட்பமானது. இன்சுலின் கணையத்தில் மட்டுமே உருவாக வேண்டிய பொருள். ஆனால் ‘எய்ர்’ என்ற மரபணுவின் உதவியால் அகணியில் சட்டமாக அமைந்து பயிற்சியளிக்கும் எபிதீலிய அணுக்கள் இன்சுலின் உட்பட உடலெங்கும் உள்ள பல்லாயிரம் புரதங்களின் மாதிரிகளை அங்கேயே தயாரித்துக் காட்சிக்கு வைக்கின்றன. அவற்றைக் கண்டு சீறிப் பாயும் டி அணு எதிர்காலத்தில் சொந்த உறுப்பையே தாக்கும் என்பதால், பெரும்பாலும் அழிக்கப்படுகிறது. ஒரு பகுதி மட்டும் பிறரை அடக்கிவைக்கும் ஒழுங்காற்று அணுக்களாக மாற்றப்படுகிறது. ‘எய்ர்’ மரபணு பழுதான நிலையில் பிறப்பவர்களுக்குப் பல சுரப்பிகளை உடலே தாக்கும் கடும் நோய் வருவது, இச்சோதனை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குச் சான்று.

ஆகவே, தைமஸை மீட்பது என்பது டி அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டுமன்று. மூன்றாம் கட்டச் சோதனையும் சேர்ந்து மீள வேண்டும். அது மீளாமல் எண்ணிக்கை மட்டும் கூடினால், பயிற்சியில் தேறாதவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்ததாகிவிடும். ஊடகச் செய்திகள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

சுருங்குவது அறுபதில் அன்று

தைமஸ் முதுமையில் சுருங்குகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. சுருக்கம் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. பூப்பெய்தும் பருவத்தில் பாலியல் இயக்குநீர்கள் பெருகும்போது அது விரைவுபெறுகிறது. அணுக்களைப் பயிற்றுவிக்கும் பகுதி நடுவயது வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 3 விழுக்காடும், அதன்பின் 1 விழுக்காடும் குறைவதாகத் திசு ஆய்வுகள் கணித்துள்ளன. கடும் தொற்று, பட்டினி, கர்ப்பம், புற்றுநோய்க்கான கீமோதெரபி ஆகியவையும் தைமஸைச் சுருக்கும். ஆனால் அந்தச் சுருக்கம் காரணம் நீங்கியதும் பெருமளவு மீளக்கூடியது. மீட்புச் சிகிச்சை குறித்த நம்பிக்கை முழுவதும் இந்த மீளும் தன்மையை நம்பியே நிற்கிறது.

அப்படியென்றால் நாற்பது வயதிலேயே நாம் ஏன் நோயாளிகளாகிவிடுவதில்லை? ஏற்கெனவே வெளியேறிய டி அணுக்கள் நிணநீர் முடிச்சுகளில் தாமாகப் பிரிந்து பெருகித் தம் எண்ணிக்கையைக் காத்துக்கொள்வதே காரணம். ஆனால் இது நகலெடுக்கும் வேலை. புதிய ஏற்பி எதுவும் இதில் பிறப்பதில்லை. நூலகத்தில் நூல்களின் எண்ணிக்கை குறையாமலிருக்க, இருக்கும் நூல்களையே மீண்டும் மீண்டும் நகலெடுத்து அலமாரியை நிரப்புவது போன்றது அது. ஆண்டுகள் செல்லச் செல்ல, எந்தக் கிருமியையும் இதுவரை சந்திக்காத ‘புதுமுக’ டி அணுக்கள் அருகி, பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் ‘நினைவு’ அணுக்கள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

எலிக்கும் மனிதருக்கும் இடையிலான மிகப் பெரிய வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. எலியின் புதுமுக டி அணுக்கள் ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் தைமஸிலிருந்தே வருகின்றன. வயதுவந்த மனிதரிடமோ அவற்றின் பெரும்பகுதி மேற்சொன்ன நகலெடுப்பினால் உருவாகிறது. தைமஸைச் சற்றே தூண்டினாலும் எலியின் இரத்தத்தில் பெரிய மாற்றம் தெரிவதற்கும், மனிதரில் அதே அளவு மாற்றம் எதிர்பார்க்க முடியாததற்கும் இதுவே அடிப்படை.

புதிய கிருமி, பழைய கிருமி

2003இல் சார்ஸ் வந்தபோது அக்கிருமியை உலகில் எவருடைய உடலும் முன்பு கண்டதில்லை. நினைவணுக்கள் உதவிக்கு வர வழியில்லாத அந்த நிலையில், புதுமுக அணுக்களின் இருப்பே முதன்மையான கையிருப்பாக இருந்தது. சிங்கப்பூரில் 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தனர். உலகச் சுகாதார நிறுவனம் அவ்வாண்டு மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இறப்பு விகிதம் 24 வயதுக்குட்பட்டோரிடம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் 50 விழுக்காட்டுக்கும் மேல். நுரையீரலின் வலுவும் மற்ற நோய்களும் இந்த வேறுபாட்டில் பங்கு வகித்திருக்கும். முழுப் பழியையும் தைமஸின் மேல் சுமத்த முடியாது. ஆயினும் வயதுக்கு வயது இவ்வளவு செங்குத்தாக ஏறும் கோடு, நோயெதிர்ப்பின் முதுமையைக் கணக்கில் கொள்ளாமல் விளங்காது.

அக்கி வேறு வகை. சின்னம்மை வந்து போன பிறகு அதன் நச்சுயிரி நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் பதுங்கியிருக்கிறது. காவல் காக்கும் டி அணுக்கள் தளரும்போது, உடலின் ஒரு பக்கத்தில் பட்டை போட்டதுபோல் கொப்புளங்களாக வெடிக்கிறது. ஊரில் குயவரிடம் போய்ச் செம்மண் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றி உருவம் வரைந்து ‘அக்கி எழுதும்’ வழக்கம் இங்குள்ள மூத்த தலைமுறையினர் பலருக்கும் நினைவிருக்கும். செம்மண் எரிச்சலைச் சிறிது தணித்திருக்கலாம். கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாமாகவே ஆறக்கூடியவை என்பதால், ஆறிய பெருமை எழுதியவருக்குச் சேர்ந்தது. இந்த நோயில் தேய்ந்திருப்பது முக்கியமாக நினைவணுக்களின் வலு. ஆகவே புதிய அணுக்கள் பெருகாமலேயே, இருப்பவற்றைத் தட்டியெழுப்பி இதைத் தடுக்க முடியும்.

தைமஸை அகற்றியவர்களிடம் கண்டது

வயதுவந்தோருக்குத் தைமஸ் தேவையா என்ற கேள்விக்கு மிக வலுவான பதில் 2023 ஆகஸ்ட்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. மார்பில் அறுவை சிகிச்சை செய்யும்போது, வழியில் குறுக்கிடும் தைமஸ் அகற்றப்படுவதுண்டு. பாஸ்டன் நகரின் மருத்துவமனையொன்றில் தைமஸ் அகற்றப்பட்ட 1,146 பேரை, அதே வகை அறுவைக்கு உட்பட்டும் தைமஸை இழக்காத ஒத்த வயதினரோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். ஐந்தாண்டுகளில் முதல் பிரிவினரில் 8.1 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவினரில் 2.8 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். புற்றுநோய் கண்டவர்கள் முறையே 7.4 விழுக்காடும் 3.7 விழுக்காடும் ஆவர்.

இது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரித்துச் செய்த சோதனை அன்று. எனவே தைமஸ் போனதுதான் இறப்புக்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும், கொழுப்பாகிப்போன எச்சத்திலும் பயனுண்டு என்ற கருத்துக்கு இது கனம் சேர்த்துள்ளது. இதைப் படித்துவிட்டு, தைமஸில் கட்டி உள்ளவர்களோ, தசைகளைத் தளரவைக்கும் மயஸ்தீனியா கிரேவிஸ் நோய்க்காக அறுவை பரிந்துரைக்கப்பட்டவர்களோ சிகிச்சையை மறுத்துவிடக் கூடாது. அவர்களுக்கு அந்த அறுவையால் கிடைக்கும் நன்மை தெளிவாக நிறுவப்பட்டது.

மீட்கும் முயற்சிகள் எந்த நிலையில் உள்ளன

1. இயக்குநீர் வழி. விதை நீக்கிய முயல்களின் தைமஸ் பெரிதாக இருப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவனிக்கப்பட்டது. பாலியல் இயக்குநீரை மருந்தால் அடக்கினாலும் தைமஸ் ஓரளவு வளரும். ஆனால் அந்த விலையைக் கொடுக்க நலமுள்ள எவரும் முன்வரமாட்டார். வளர்ச்சி இயக்குநீர் இன்னொரு வழி. 2019இல் அமெரிக்காவில் கிரெக் ஃபாஹி குழுவினர் வெளியிட்ட சோதனையில், 51 முதல் 65 வயதுடைய 9 ஆண்களுக்கு ஓராண்டு காலம் வளர்ச்சி இயக்குநீரும், அதனால் சர்க்கரை ஏறாமலிருக்க டிஎச்இஏ, மெட்ஃபார்மின் ஆகியவையும் தரப்பட்டன. பெரும்பாலோரின் தைமஸ் பகுதியில் கொழுப்பு குறைந்ததை எம்ஆர்ஐ காட்டியது. மரபணுக் குறிகளைக் கொண்டு கணிக்கும் ‘உயிரியல் வயது’ சராசரியாக ஒன்றரை ஆண்டு பின்னோக்கிச் சென்றது. தலைப்புச் செய்தியானது அந்த ஒன்றரை ஆண்டுதான். ஒன்பதே பேர், அனைவரும் ஆண்கள், ஒப்பிடுவதற்கு மருந்து பெறாத பிரிவு எதுவும் இல்லை என்பவை செய்தியின் அடியில் ஒதுங்கிக்கொண்டன.

2. எபிதீலிய வளர்ச்சிக் காரணி. பாலிஃபெர்மின் என்ற மருந்து எலிகளில் தைமஸை நன்கு வளர்த்தது. அந்த நம்பிக்கையில், டி அணுக்களை அழிக்கும் சிகிச்சை பெற்ற மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (நரம்புறைகளை உடலே தாக்கும் நோய்) நோயாளிகளுக்கு அது கொடுத்துப் பார்க்கப்பட்டது. 2019இல் முடிவு வெளியானபோது, மருந்து பெற்றவர்களின் தைமஸ் வெளியீடு, பெறாதவர்களைவிடக் குறைந்திருந்தது. எலியில் ஏறிய கோடு மனிதரில் இறங்கியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இத்துறையில் இல்லை.

3. மூல விசையைத் திருப்புவது. ‘ஃபாக்ஸ்என்1’ என்ற மரபணு இல்லாவிடில் தைமஸே உருவாகாது; அது பழுதான எலிகள் உடலில் மயிரின்றியும் தைமஸின்றியும் பிறக்கும். 2014இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் முதிய எலிகளில் அந்த ஒரு மரபணுவின் செயலை உயர்த்தி, சுருங்கிய தைமஸை மீண்டும் வளரச் செய்தனர். இதன் சிறப்பு, பயிற்சியளிக்கும் எபிதீலிய அணுக்களே புதுப்பிக்கப்பட்டதுதான். ஆயினும் அந்த எலிகள் இதற்கென்றே மரபணு மாற்றப்பட்டவை. மனிதருக்கு அப்படிச் செய்ய முடியாது.

4. திசுவையே பொருத்துவது. தைமஸ் இன்றிப் பிறக்கும் மிக அரிய நிலையுள்ள குழந்தைகள் சிகிச்சையின்றி இரண்டு, மூன்று வயதைத் தாண்டுவது கடினம். இதய அறுவை செய்யப்படும் வேறு குழந்தைகளிடமிருந்து அகற்றப்படும் தைமஸ் திசுவை மெல்லிய சீவல்களாக ஆய்வகத்தில் பேணி, நோயுற்ற குழந்தையின் தொடைத் தசைக்குள் பதிக்கும் சிகிச்சைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. பதித்துப் பல மாதங்கள் கழித்தே டி அணுக்கள் தோன்றுகின்றன. மனிதரில் தைமஸ் பணியை உண்மையிலேயே மீட்டுக்காட்டிய சிகிச்சை இதுதான். ஆனால் அது முதியோருக்கானது அன்று.

5. கல்லீரலைக் கடன் வாங்குவது. தொடக்கத்தில் குறிப்பிட்ட 2025ஆம் ஆண்டு ஆய்வு இதுவே. தைமஸ் வழக்கமாகத் தரும் சமிக்ஞைகளிலும் டி அணுக்களை வளர்க்கும் காரணிகளிலும் மூன்றைத் தேர்ந்து, அவற்றைத் தயாரிக்கும் குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவைக் கொழுப்புத் துகள்களில் அடைத்து ஆய்வாளர்கள் எலிகளுக்குச் செலுத்தினர். இத்துகள்கள் இயல்பாகவே கல்லீரலில் சேர்பவை. முதுமையிலும் கல்லீரல் புரதம் தயாரிப்பதில் தளர்வதில்லை. ஆர்என்ஏ விரைவில் சிதைவதால் தூண்டுதலும் தற்காலிகமானது. மருந்தை நிறுத்தினால் விளைவும் அடங்கும் என்பது பாதுகாப்பின் நோக்கில் நல்லதே. எலிகளில் புதுமுக அணுக்கள் பெருகின, தடுப்பூசிக்கான எதிர்வினையும் புற்றுக்கட்டிக்கு எதிரான சிகிச்சையின் பலனும் மேம்பட்டன, உடல் தன்னையே தாக்கும் அறிகுறி காணப்படவில்லை. ஆனால் தைமஸ் இங்கே மீட்கப்படவில்லை. அதன் சில குரல்கள் மட்டும் வேறோர் உறுப்பிலிருந்து ஒலிக்கின்றன. மனிதருக்கு இது வரும்போது முதலில் கவனிக்க வேண்டியது, தன்னுடல் தாக்கும் அணுக்கள் பல ஆண்டுகளில் தலைதூக்குகின்றனவா என்பதே.

கடையில் கிடைப்பவை

தைமஸ் சாறு, தைமஸ் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) என்ற பெயர்களில் மாத்திரைகளும் ஊசிகளும் இணையத்தில் விற்கப்படுகின்றன. தைமோசின் ஆல்ஃபா 1 என்ற பெப்டைடு சில நாடுகளில் கல்லீரல் அழற்சிக்கு மருந்தாக ஏற்கப்பட்டதுதான். எனினும் சீனாவில் தொற்றினால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நிலையிலிருந்த 1,100க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2025இல் வெளியிடப்பட்ட சோதனையில், அது இறப்பைக் குறைக்கவில்லை. பயிற்சி முகாமின் ஒலிபெருக்கியை மட்டும் வாங்கிவந்தால் படைவீரர்கள் உருவாக மாட்டார்கள். துத்தநாகக் குறைபாடு தைமஸைச் சுருக்கும் என்பது உண்மை. அதைக் காட்டி விற்கப்படும் மாத்திரை, குறைபாடு உள்ளவருக்கே பயன்படும். சிங்கப்பூரில் உடல்நலத் துணைப்பொருள்கள் விற்பனைக்கு வருமுன் மருந்துகளைப்போல் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. ஆகவே ‘சிங்கப்பூரில் விற்கப்படுகிறது’ என்பது அது வேலை செய்கிறது என்பதற்கான சான்றாகாது.

தளர்ந்த தைமஸோடு இன்று செய்யக்கூடியது

தைமஸைத் தொடாமலேயே அதன் தளர்ச்சியை ஈடுசெய்யும் வழி ஒன்று ஏற்கெனவே சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்களில் இருக்கிறது. அக்கிக்கான பழைய தடுப்பூசி 60 வயதுக்கு மேற்பட்டோரிடம் ஏறக்குறைய 51 விழுக்காடு பாதுகாப்பையே தந்தது; வயது கூடக்கூட அதுவும் குறைந்தது. இப்போதைய ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில், நச்சுயிரியின் ஒரு புரதத்தோடு, தென் அமெரிக்க மரமொன்றின் பட்டையிலிருந்து எடுக்கப்படும் சப்போனினும் இன்னொரு பொருளும் தூண்டுபொருளாகச் சேர்க்கப்படுகின்றன. பட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் சீயக்காய்போல நுரைக்கும். தளர்ந்த நினைவணுக்களை உரக்கத் தட்டியெழுப்புவது இத்தூண்டுபொருள்தான். விளைவாக, 70 வயதைக் கடந்தோரிடமும் ஏறத்தாழ 90 விழுக்காடு பாதுகாப்பு ஆய்வுகளில் பதிவானது. 2025 செப்டம்பர் 1 முதல் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இது கட்டணக் கழிவோடு வழங்கப்படுகிறது. இரண்டு ஊசிகளுக்கும் இடையே இரண்டு முதல் ஆறு மாதங்கள் விட வேண்டும். முதல் ஊசிக்குப் பின் வரும் கைவலிக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி இரண்டாவதைக் கைவிடுவோருக்குப் பாதுகாப்பு முழுமையடைவதில்லை.